மூன்றாம் அச்சில் ஒரு ஜோடி அதிகம்

கமான் பட்டையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நம் தொழிலில் இருக்கிற உங்களில் பாதிப் பேர் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்ஜின் என்றால் கண் விரியும். டிரெய்லருக்கு இன்ஜினும் கிடையாது, ஹாரனும் கிடையாது. இன்னொரு வண்டி இழுத்தால் பின்னாலேயே வரும், விட்டால் நிற்கும். அதன் அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்கிறவனை எங்கள் காலத்தில் யாரும் பெரிய ஆளாக மதித்ததில்லை. இன்ஜின் செக்‌ஷனில் இருந்த என்னை டிரெய்லர் ஷெட்டுக்கு மேஸ்திரியாக மாற்றியபோது, சம்பளம் கூடியும் வீட்டில் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

போர் நடந்துகொண்டிருந்த காலம். பெங்களூர் கண்டோன்மெண்டில் எந்தத் தெருவில் நின்றாலும் ராணுவ லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போகும். ரயிலில் வந்து இறங்குகிற கனத்த சரக்குகளை ஊருக்குள்ளும் வெளியிலும் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் கம்பெனியின் தொழில். மற்ற கம்பெனிகளிடம் லாரி இருந்தது. எங்களிடம்தான் நான்கு அச்சு டிரெய்லர் இருந்தது. லாரி தாங்காத பாரம் எல்லாம் எங்களிடம் வந்து சேரும்.

நான்கு அச்சு என்றால், ஒவ்வொரு அச்சுக்கும் வலது பக்கம் ஒரு கமான் கட்டு, இடது பக்கம் ஒரு கமான் கட்டு. எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வில்லாக வளைத்து, நடுவில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். பாரம் ஏறினால் அமுங்கும். மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். உங்களுக்குத் தெரியாததா? இதை உங்கள் வீட்டில் வேறு யாராவது எடுத்துப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்த ஷெட்டில் எனக்கு முன்பிருந்த மேஸ்திரி ஒரு வழக்கம் ஏற்படுத்தி வைத்திருந்தார். ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு ஆள். முதல் அச்சு காதர் பாயுடையது. இரண்டாவது முனிசாமி. மூன்றாவது ஆரோக்கியம். கடைசி அச்சு ரங்கப்பா என்ற கன்னடக்காரர். அவரவர் அச்சின் சக்கரக் குடத்துக்கு அவரவர் இஷ்டப்பட்ட வண்ணம் அடித்துக்கொள்ளலாம். ஆயுத பூஜை அன்று, வருஷம் முழுக்கப் பட்டை முறியாத அச்சுக்குத்தான் முதல் மாலை. அந்த மாலைக்கு இருந்த மவுசை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தொழுகை தவறாத காதர் பாயும், ஞாயிறு பூசை தவறாத ஆரோக்கியமும், பூசணிக்காய் உடைக்கும் நேரத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு முன்வரிசையில் நிற்பார்கள். பட்டை முறிந்தவனை அடுத்த பூஜை வரை 'முறிஞ்சவரே' என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் 'முறிஞ்சவரே, அந்த ஊறுகாயைக் கொஞ்சம் தள்ளுங்க' என்பார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வருஷம் முழுக்கக் கேட்கிறவனுக்குச் சிரிப்பு வராது.

நல்ல வழக்கம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆள் தன் அச்சைத் தன் வீட்டு மாட்டைப் போலப் பார்த்துக்கொண்டான். கிரீஸ் வறண்டதில்லை, நட்டு தளர்ந்ததில்லை. நான் பொறுப்பேற்று ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. அதற்குள் எதைக் குறை சொல்வது?

அந்த வருஷம் ஒரு பாய்லர் வந்தது. ஊருக்குக் கிழக்கே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலைக்குப் போகவேண்டிய சரக்கு. ராணுவத்துக்கு வேலை செய்கிற தொழிற்சாலை. காலையில் கூட்ஸ் ஷெட்டில் ஏற்றி, இழுவை வண்டியைப் பூட்டி, மாடு நடக்கிற வேகத்தில் கிளம்பினோம். அச்சுக்காரர்கள் நான்கு பேரும் அவரவர் அச்சுக்குப் பக்கத்தில், கையில் சக்கரத்துக்கு அடை வைக்கிற முட்டுக்கட்டையுடன் நடந்து வந்தார்கள். நான் பின்னால். தொம்மலூர் ஏரிக்கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், சாலையில் ஒரு சின்ன மேடு ஏறும்போது, பெரிய பாறையில் சம்மட்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மூன்றாம் அச்சின் இடது சக்கரம் குடத்தோடு சாய்ந்துவிட்டது. அச்சு முறிந்திருந்தது.

நல்லவேளை, ஏரிக்கரையில் ஏறுவதற்கு முன்னால் முறிந்தது. கரைமேல் முறிந்திருந்தால் பாய்லர் தண்ணீருக்குள் போயிருக்கும். கூடவே யார் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

சைக்கிளில் ஆள் அனுப்பினேன். மேனேஜர் சேஷகிரி ராவ் காரில் வந்து இறங்கினார். நல்ல மனிதர், படித்தவர், கையில் அழுக்குப் படக் கூச்சப்படாதவர். கோட்டைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டு அடியில் குனிந்து பார்த்தார்.

"பட்டை முழுசா இருக்கு. ஒண்ணுகூட முறியல. அச்சு மட்டும் எப்படி முறிஞ்சது மேஸ்திரி?" என்று கேட்டார். அவர் கேட்ட அந்தக் கேள்விதான் பிற்பாடு எனக்குக் கதவைத் திறந்தது.

அவர் பின்னாலேயே ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும் வந்து சேர்ந்தார்கள். ராணுவச் சரக்குக்கு வழியில் சேதம் என்றால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது அப்போதைய உத்தரவு. ராவ் அதை மீற முடியாது. இன்ஸ்பெக்டர் கேட்ட முதல் கேள்வி, "இந்த அச்சைப் பாக்குற ஆள் யாரு?"

ஆரோக்கியம் முன்னால் வந்தான். நீலசந்திராவில் மனைவி, மூன்று குழந்தைகள், கண் தெரியாத தகப்பனார். ஒரு மாதம் முன்புவரை விஷக் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன். சட்டை உடம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய தம்பி சுதந்திரப் போராட்டத்தில் சேர்ந்து சிறையில் இருந்தான். ஷெட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. இன்ஸ்பெக்டருக்கும் தெரிந்திருந்தது.

"உன் தம்பி உள்ள இருக்கான் இல்ல?"

"ஆமா சார்."

"அச்சு எப்பிடி முறிஞ்சது?"

"தெர்ல சார். நேத்துகூட குடத்தக் கழட்டிப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் ராவைப் பார்த்தார். ராவ் கர்ச்சீப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தம்பி சிறையில், அண்ணனின் அச்சில் ராணுவப் பாய்லர். அந்த நாட்களில் ஒருவனைக் கொண்டுபோக அதுவே போதும். கொண்டுபோனால் எப்போது திரும்புவான் என்று யாரும் கேட்கக்கூட முடியாது.

நான் குறுக்கே புகுந்தேன். "சார், வேற அச்சு ஷெட்டுலேர்ந்து வருது. அத மாட்ட இவன் வேணும். இவன் இல்லாம இந்தக் கரைய நான் தாண்ட மாட்டேன். தாண்டின பிறகு நீங்க என்ன வேணும்னாலும் கேளுங்க."

இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை. ராவ் அவரைத் தனியே அழைத்துப்போய்ப் பேசினார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "சாயங்காலத்துக்குள்ள கரைய தாண்டணும் மேஸ்திரி. அந்தப் பக்கம் நாங்க காத்துக்கிட்டு இருப்போம். கான்ஸ்டபிள் இங்கயே இருப்பார். அந்தப் பக்கம் வந்ததும் எனக்கு ஒரு காரணம் வேணும். காரணம் இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது." அவர் குரலில் மிரட்டல் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

மாற்று அச்சு ஷெட் லாரியில் வந்தது. ரயில் சிலிப்பர் கட்டைகளை அடுக்கி, ஜாக்கி வைத்துத் தூக்கி, முறிந்ததை எடுத்து, புதியதை மாட்டினோம். அந்த வேலையை நான் வர்ணிக்கப் போவதில்லை. செய்தவனுக்குத் தெரியும், செய்யாதவனுக்குச் சொன்னால் கொட்டாவி வரும். வெயில் சாய ஆரம்பித்தபோது ஜாக்கியை இறக்கினோம். பாரம் மறுபடியும் நான்கு அச்சுகள்மேலும் உட்கார்ந்தது.

முனிசாமி கையைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "மேஸ்திரி, லாரில ஒரு ஜோடிப் பட்டை வந்துகீது. மூணாவதுல ஏத்திடலாமா? கொஞ்சம் கெட்டியா இருக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்று யாருக்குத்தான் தோன்றாது? நானும் தலையாட்டியிருப்பேன். ஆனால் ராவின் கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது. பட்டை முறியவில்லை, அச்சு முறிந்தது. ஏன்?

டிரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்தேன். முதல் அச்சின் கமான் பாரத்தில் ஓரளவு அமுங்கியிருந்தது. இரண்டாவதும் நான்காவதும் அப்படியே. மூன்றாவது மட்டும் வெறும் வண்டியில் நிற்பதுபோல் வில்லாக வளைந்து நின்றது. குனிந்து பார்த்தேன். எங்கள் ஷெட்டில் கமான் கட்டு முழுவதையும் கிரீஸும் தாரும் சேர்த்துப் பூசி மூடிவிடுவது வழக்கம், சேறு புகாமலிருக்க. பார்ப்பதற்கு ஒரே கறுப்புக் கட்டியாக இருக்கும், உள்ளே எத்தனை பட்டை என்று தெரியாது. ஆணியால் தாரைச் சுரண்டினேன். உள்ளே, பழைய துருப்பிடித்த பட்டைகளுக்கு நடுவே வேறு நிறத்தில் பட்டை தெரிந்தது.

இரண்டாம் அச்சுக்குப் போய்ச் சுரண்டினேன். அங்கேயும் இருந்தது. முதல் அச்சிலும் இருந்தது. கடைசியிலும்.

நான்கு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மாலைக்கு ஆசைப்பட்டு, 'முறிஞ்சவரே' என்ற பெயருக்குப் பயந்து, நால்வரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஷெட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய வண்டியின் பட்டைகளை எடுத்துத் தன் அச்சில் திருட்டுத்தனமாகச் சொருகியிருக்கிறார்கள். தன் பட்டை முறியக்கூடாது. மற்றவன் பட்டை எக்கேடு கெட்டால் என்ன? உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரனாவது பாரம் இழுக்கிற வண்டியைக் கெட்டியாக்கியே உடைப்பானா? எங்கள் ஆட்களால்தான் முடியும்.

நால்வர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள் என்று வையுங்கள். மூவர் முழங்காலை லேசாக மடக்கி நடக்க, ஒருவன் மட்டும் விறைப்பாக நிமிர்ந்து நடந்தால் பாரம் யார் தோளில் இறங்கும்? நிமிர்ந்தவன் தோளில். பட்டையைக் கெட்டியாக்கினால் பட்டை முறியாதுதான். ஆனால் மேடு வரும்போது அது அமுங்காது. மற்ற அச்சுகளின் பங்கையும் அந்த அச்சே இழுத்துப் போட்டுக்கொள்ளும். பட்டைக்கு அடியில் இருக்கிற அச்சு எத்தனை தடவை அதைத் தாங்கும்? எதிரில் ஏரிக்கரை. நடுவில் மதகு இருக்கிற இடத்தில் சாலை திமில்போல் ஏறி இறங்கும். இப்படியே போனால் புதிய அச்சும் அங்கே முறியும். இன்னொரு ஜோடியையும் ஏற்றினால் சந்தேகமே வேண்டாம்.

இனிச் சொல்வதை நீங்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். எனக்கு இரண்டு வழி இருந்தது. 'யாரடா போட்டது' என்று அங்கேயே சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். கேட்டால் கான்ஸ்டபிளின் காதில் விழும். நால்வரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவார்கள். அதற்குள் வெளிச்சம் போய்விடும். இல்லையென்றால் கேட்காமல் வேலையை முடிக்கலாம். நான் கேட்கவில்லை.

"ஜாக்கிய மறுபடியும் ஏத்துங்க" என்றேன்.

"அரே, மேஸ்திரி!" என்று காதர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்பத்தானே இறக்கினோம்."

"ஏத்துங்க பாய். இந்த வண்டி வாங்கின அன்னிக்கு ஒவ்வொரு கமான்லயும் எத்தன பட்டை இருந்துச்சோ அத்தனதான் இருக்கணும். மிச்சத்த அவங்கவங்க கழட்டி அவங்கவங்க அச்சுக்குப் பக்கத்துல வச்சிடுங்க. நான் அந்தப் புங்க மரத்தடில போய் ஒக்காறேன். இந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். ஆனதும் கூப்புடுங்க."

ரங்கப்பா மட்டும் கேட்டார்: "பட்டை கம்மி ஆனா கரைமேல கமான் உட்டுடும் மேஸ்திரி. பாய்லர் நீர்ல ஹோகுத்தே, போயிடும்."

"உடாது" என்றேன். உடாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. கணக்கு சரி என்று தெரியும். பழைய பட்டை எதிலாவது கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் கணக்கு காப்பாற்றாது. மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் கான்ஸ்டபிள் வந்து பீடி நீட்டினார். பழக்கமில்லாத நான் வாங்கிப் பற்றவைத்து இருமினேன்.

கூப்பிட்டார்கள். போனேன். ஒவ்வொரு அச்சுக்குப் பக்கத்திலும் கழற்றிய பட்டைகள் புல்மேல் கிடந்தன. காதர் பாயுடையது ஒரு ஜோடி, வலப் பக்கத்துக்கு ஒன்று, இடப் பக்கத்துக்கு ஒன்று. முனிசாமியுடையது ஒரு ஜோடி. ரங்கப்பாவுடையது ஒரு ஜோடி. ஆரோக்கியத்தின் காலடியில் இரண்டு ஜோடி.

அதனால்தான் மூன்றாவது அச்சு முறிந்தது. காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் காரணம் ஆரோக்கியத்தை இன்னும் ஆழத்தில் தள்ளிவிட்டது. மற்றவர்கள் எல்லாம் ஒரு ஜோடி போட, இவன் மட்டும் ஏன் இரண்டு போட்டான்? இன்ஸ்பெக்டர் வேறு என்ன கேட்பார்?

ஆரோக்கியம் பட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. "மேஸ்திரி, மாதா மேல சத்தியமா சொல்றேன். நான் போட்டது ஒரு ஜோடிதான். காய்ச்சல் தெளிஞ்சு வந்த வாரம், சாப்பாட்டு நேரத்துல யாரும் இல்லாதப்ப அவசர அவசரமா சொருகினேன். எண்ணிப் பாக்கல. இன்னொரு ஜோடி எப்பிடி வந்துச்சுன்னு எனக்குத் தெர்ல."

ரங்கப்பா ஏரியைப் பார்த்தார். காதர் பாய் தாடியைத் தடவினார். முனிசாமி போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தான். ஒரு குவளை குடித்துவிட்டு இன்னொரு குவளை மொண்டான். அதைக் குடிக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

நான் பார்த்தேன். ஆரோக்கியம் காய்ச்சலில் கிடந்த நாட்களில் மூன்றாம் அச்சை யார் பார்த்துக்கொண்டது என்று எனக்கு நினைவு வந்தது. முனிசாமிதான். நான் சொல்லாமலே, தன் வேலையோடு அதையும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தான்.

அப்போதே கேட்டிருக்கலாம். உங்களில் சிலர், கேட்டிருக்க வேண்டும் என்றுகூடச் சொல்வீர்கள். நான் ஏன் கேட்கவில்லை என்றால், எதிரில் கரை இருந்தது. முட்டுக்கட்டை பிடிக்கிற நான்கு பேரின் கைகளும் எனக்கு நடுங்காமல் வேண்டும். இன்னொன்று, நான் இழுத்து வைத்துச் சொல்லச் சொன்னால், ஆரோக்கியத்தைத் தப்பவைக்க மேஸ்திரி ஜோடித்த கதை என்று இன்ஸ்பெக்டர் தள்ளிவிடுவார். முனிசாமி தானாக வாய் திறந்தால்தான் அந்தப் பேச்சுக்கு மதிப்பு. திறக்காவிட்டால்? அப்போது நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நம்புகிறார்களோ இல்லையோ. ஒருவனுடைய வீட்டையும் பிள்ளைகளையும் பணயம் வைத்து இன்னொருவனின் மனசாட்சிக்குக் காத்திருந்தேன். சரிதானா என்று இன்றுவரை எனக்குள் வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

"பூட்டுங்க. கெளம்பலாம்" என்றேன்.

கரைமேல் ஏறினோம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவில் நெல்வயல். தூரத்தில் துணி அலசிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எருமைகள் மட்டும் எங்களைச் சட்டை செய்யவில்லை. மதகு வந்தது. முதல் அச்சு திமிலில் ஏறியது. கமான் நன்றாக அமுங்கி, இறங்கியதும் நிமிர்ந்தது. காதர் பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே நடந்தார். இரண்டாவதும் அப்படியே ஏறி இறங்கியது.

மூன்றாவது. நான் அதன் பக்கத்துக்கு ஓடிவிட்டேன். ஆரோக்கியம் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பட்டைகள் அமுங்கின. நேராயின. நேரான பிறகும் இன்னும் கொஞ்சம் கீழே போயின. கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது. புதிய அச்சுக்கு மேல் பழைய பட்டைகள் ஒன்றோடொன்று தேய்கிற சத்தம். பட்டை வேலை செய்கிற சத்தம் அது. பிறகு சக்கரம் இறங்கியது, கமான் மெதுவாக மேலே எழுந்தது.

கடைசி அச்சும் இறங்கியதும் ரங்கப்பா, "ஆய்த்து மேஸ்திரி, முடிஞ்சது" என்றார். முதல் தடவையாக அன்று சிரித்தார்.

அந்தப் பக்கம் ராவின் கார் நின்றது. இன்ஸ்பெக்டர் காரில் சாய்ந்துகொண்டு நின்றார். கழற்றிய பட்டைகளை லாரியில் இருந்து இறக்கி ராவின் முன்னால் அடுக்கினேன். நடந்ததைச் சொன்னேன். நான்கு அச்சிலும் கூடுதல் பட்டை இருந்தது, மூன்றாவதில் இரண்டு மடங்கு இருந்தது, அதனால் பாரம் அதன்மேல் விழுந்து அச்சு முறிந்தது. ராவ் உடனே புரிந்துகொண்டார். ஒரு பட்டையைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஸோ, இட் வாஸ் டூ ஸ்ட்ராங்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டருக்குக் கணக்கு வேறு. "எல்லாரும் ஒரு ஜோடி. இவன் மட்டும் ரெண்டு. ஏன்?"

"நான் ஒண்ணுதான் சார் போட்டேன்" என்றான் ஆரோக்கியம்.

"இன்னொண்ணு வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"

கான்ஸ்டபிள் அவன் பக்கத்தில் வந்து நின்றார். நான் வாயைத் திறக்கப் போனேன்.

"நான் போட்டேன் சார்."

முனிசாமி. கையில் முட்டுக்கட்டையைப் பிடித்தபடியே முன்னால் வந்தான். "இவன் காய்ச்சல்ல கெடந்தப்ப நான்தான் இவன் அச்சப் பாத்துக்கினேன். இவன் திரும்பி வர்றதுக்குள்ள பட்டை கிட்டை முறிஞ்சிட்டா, எழுந்து வந்த ஒடம்போட வருஷம் பூரா 'முறிஞ்சவரே'ன்னு பேச்சு வாங்குவானேன்னு ஒரு ஜோடி சொருகினேன். இவனும் ஒண்ணு சொருகுவான்னு எனக்கு இன்னா தெரியும்? இவன்கிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. புடிக்கறதா இருந்தா என்னப் புடிங்க."

"காலையிலேயே ஏன் சொல்லல?" என்று ராவ் கேட்டார்.

"பயமா இருந்துச்சு சார்" என்றான் முனிசாமி. அதற்கு மேல் ஒரு காரணமும் ஜோடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காதர் பாய் முன்னால் வந்து, அடுக்கியிருந்ததில் தன் ஜோடியைக் காலால் தொட்டுக் காட்டி, "யே மேரா, சாஹேப். இது நான் போட்டது" என்றார். ரங்கப்பாவும் தன்னுடையதைக் காட்டினார். ஆரோக்கியம் கடைசியாகக் குனிந்து தன் ஜோடியைப் பிரித்து எடுத்து வைத்தான். தரையில் ஒரே ஒரு ஜோடி மீதி. அதை முனிசாமி எடுத்துக்கொண்டான்.

ராவ் இன்ஸ்பெக்டரிடம் இங்கிலீஷில் நிறையப் பேசினார். எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: இவர்கள் முட்டாள்கள், துரோகிகள் அல்ல. முட்டாள் என்ற பட்டத்தை அத்தனை சந்தோஷமாக நாங்கள் வாங்கிக்கொண்ட நாள் வேறு கிடையாது. இன்ஸ்பெக்டர் ராவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார். போகிற போக்கில் ஆரோக்கியத்திடம், "போ. போய் வேலையப் பாரு" என்றார்.

அதற்குப் பிறகு ஷெட்டில் நான் செய்தது ஒன்றே ஒன்று. அச்சுக்கு ஒரு ஆள் என்ற வழக்கத்தை எடுத்துவிட்டேன். மாதத்துக்கு ஒரு தடவை நால்வரும் இடம் மாறுவார்கள். இன்று உன்னுடையது நாளை அவனுடையது என்றால் எவனும் தன்னுடையதை மட்டும் கெட்டியாக்க மாட்டான். மாலை வண்டி முழுமைக்கும் ஒன்றாகப் போட்டோம். முதல் வருஷம் எல்லோரும் முகம் சுளித்தார்கள். பிறகு பழகிவிட்டது. நீங்களும் எங்கே போனாலும் இதைப் பாருங்கள்: ஒரு அச்சு முறிந்தால் அந்த அச்சை மட்டும் பார்க்காதீர்கள். மற்ற மூன்றும் என்ன செய்துகொண்டிருந்தன என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

ஆனால் உங்களுக்கு இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வித்தை அல்ல. அன்று பாய்லரை இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரோடு திரும்பும்போது காதில் விழுந்த பேச்சு.

ஆரோக்கியமும் முனிசாமியும் டிரெய்லர் பலகைமேல் முதுகோடு முதுகாக உட்கார்ந்து வந்தார்கள். கரை தாண்டியதிலிருந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான் அவர்களுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். பாரமில்லாத வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. வெகுதூரம் போன பிறகு ஆரோக்கியம் திரும்பாமலே பேசினான்.

"நான் படுத்துக் கெடந்தப்ப தெனம் சாயங்காலம் வந்தியே. எங்கப்பாவுக்குக் கஞ்சி ஊத்தினியே. எத்தினி நேரம் ஒக்காந்து பேசிகினு இருந்த. அப்ப ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்னுத சொருகியிருக்கவே மாட்டேனே, முனிசாமி."

"செஞ்ச ஒதவிய சொல்லிக்காட்டற மாதிரி ஆயிடுமேன்னு இருந்தேன்டா" என்றான் முனிசாமி.

நான் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான். காலையிலிருந்து போலீஸ்காரர் முன்னால் அழாதவன். கையைப் பின்னால் நீட்டி முனிசாமியின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"இனிமே சொல்லிக்காட்டுடா. நூறு பேர் முன்னால வேணும்னாலும் நிக்க வச்சு சொல்லிக்காட்டு. நான் கேட்டுக்கறேன்."